பிடுங்கிய நாற்று

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் நண்டுக்காரம்மா.

கழிமுகச் சேற்றில் முழங்காலளவு நின்றபடி, வனத்துறை நட்ட அலையாத்தி நாற்று ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்த வனத்துறை மேடத்துக்குப் பகீரென்றது.

பத்து மணிக்கு மேலதிகாரி பார்வையிட வருகிறார். நாற்று பட்டுப்போயிருந்தால் திட்டத்துக்கு மூடுவிழா, மேடத்துக்கு இடமாற்றம். ஆறு மாதமாக அந்தச் செடிகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவள். அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அக்கா! என்ன காரியம் பண்றீங்க?"

நண்டுக்காரம்மா திடுக்கிட்டு நாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"ஒண்ணுமில்லை மேடம். நண்டு புடிக்க வந்தேன்."

"செடியிலயா நண்டு காய்க்குது? கூட்டம் போட்டா ஒருத்தர் வர்றதில்லை. நட வாங்கன்னா ஆளுக்கொரு சாக்கு. உதவி செய்யாட்டியும் உபத்திரவம் பண்ணாம இருக்கக் கூடாதா? காட்டுங்க அதை!"

நாற்று வெளியே வந்தது. இலை உதிர்ந்து, தண்டு கறுத்து, தொட்டால் ஒடிகிற மாதிரி இருந்தது.

மேடம் கூடையை எட்டிப் பார்த்தாள். ஈரச் சாக்குக்கு அடியில் மருந்துக்குக்கூட ஒரு நண்டு இல்லை. பச்சைப் பசேலென்று பத்துப் பன்னிரண்டு நாற்றுகள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். ஆபீஸ்லேர்ந்து லாரியில வந்த நாத்து நல்ல தண்ணியில வளர்ந்தது. இந்த உப்பு அதுக்கு ஒத்துக்கலை. முதல் மாசத்துலேர்ந்தே ஒவ்வொண்ணா பட்டுப்போகுது. எங்க வாய்க்கா ஓரத்துல தானா முளைக்கிறதைக் கொண்டாந்து அந்தந்த இடத்துல வச்சிடுவோம். இது புடிச்சுக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா மேல எழுதுவீங்க. எழுதினா உங்களை மாத்திடுவாங்க. இதுக்கு முன்னாடி வந்த ஆபீசருங்க ஜீப்பை விட்டே இறங்கலை. நீங்கதான் இந்தச் சேத்துல இறங்கினீங்க. உங்களை அனுப்ப எங்களுக்கு மனசு வரலை."

மேடம் கரை நெடுகத் தளதளவென்று நின்ற செடிகளைப் பார்த்தாள். என்னென்ன பேசிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"இவ்வளவையும் நீங்க ஒருத்தரேவா மாத்தினீங்க, அக்கா?"

"நான் ஒருத்தியா? நல்லா இருக்கே! தெருவே முறை போட்டு வைக்குது. இன்னிக்கு எங்க வீட்டு முறை."