நூல் அளவு

“கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க.”

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத கணவன், சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். மனைவி அவன் விரலில் எதையோ மாட்டினாள்.

“அட, வெள்ளி மோதிரம்! ஏது?”

“நானே செஞ்சேனாக்கும். போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். காலையிலேர்ந்து ரெண்டு உருகிப் போச்சு, மூணாவதுதான் தேறுச்சு.” கட்டைவிரலில் இருந்த தீக்கொப்புளத்தையும் பெருமையாகக் காட்டினாள்.

அவன் கையை இறக்கியதும் மோதிரம் நழுவியது. தாவிப் பிடித்துக்கொண்டான். “இதுல என் ரெண்டு விரல் போகும்போல இருக்கே!”

“சும்மா கதை விடாதீங்க. உங்க விரல்ல நூல் சுத்தி அளவெடுத்துத்தான் கம்பியை வெட்டினேன்.”

“எப்ப எடுத்தே?”

“நேத்து மத்தியானம். கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, தலையோட போர்த்திக்கிட்டு தூங்கிட்டிருந்தீங்க. கை மட்டும் வெளியே தொங்குச்சு. நூல் சுத்தினப்ப அசையக்கூட இல்லை. விரல் ஐஸ் மாதிரி இருக்கேன்னு ஃபேனை வேற நிறுத்தினேன்.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “நீ கடைக்குக் கிளம்பினதுமே நான் வண்டியை சர்வீசுக்கு விடப் போயிட்டேனே! நீ மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தப்பதான் திரும்பி வந்தேன்.”

மோதிரம் அவன் கையிலிருந்து விழுந்தது. படுக்கையறைக்குள் உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. உருளும் சத்தம் சட்டென்று நின்றது.



சற்றுப் பொறுத்து, மோதிரம் போட்ட விரலால் யாரோ தட்டுவதுபோல, இரும்புக் கட்டிலின் காலில் சத்தம் கேட்டது.

டிங். டிங்.