மூவர் மட்டும்

எதற்கு எதனோடு என்ன உறவு என்று கணினிக்குப் புரியவைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கணினிக்கு ஒரு குணம் உண்டு. நாம் சொல்லாமல் விட்டதை அது இல்லையென்று எடுத்துக்கொள்ளாது.

அன்று காலை சோதனைக்குத் தன் வீட்டு விவரத்தையே கொடுத்தாள். அவள், கணவன், மகள். ‘வீட்டில் இந்த மூவர் மட்டும்’ என்று ஒரு விதியும் சேர்த்தாள். முரண்பாடு என்றது கணினி. தலைகீழாக நின்று பார்த்தும் பிழை அகப்படவில்லை.

பக்கத்து மேசைக்காரர் தம் குடும்பத்தைக் கொடுத்து, அதே விதியைப் போட்டார். சமர்த்தாக ஏற்றுக்கொண்டது.

“உங்க வீட்டு மேலதான் அதுக்கு என்னவோ கோவம்,” என்று சிரித்தார்.

மாலையில் அலுத்துப்போய் ‘மட்டும்’ என்பதை எடுத்துவிட்டாள். முரண்பாடு மறைந்தது.

வீட்டில் கணவன் சொன்னான்: “காலையிலேர்ந்து பின்னறைக் கதவு தொறக்க மாட்டேன்னு ஒரே அடம். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தானா தொறந்துக்கிச்சு.”

“ஈரத்துக்கு மரம் உப்பியிருக்கும்,” என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டுகளை வைத்தாள். மகள் எழுந்துபோய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டாள்.

“அவளுக்கு முதல்ல போடும்மா. பாவம், பகல் முழுக்க உள்ளேயே இருந்திருக்கா.”