முதல் கொட்டு

"செண்டையத் தர முடியாது அண்ணா."

ரேஷ்மி இப்படிச் சொன்னதும் கேலரியில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் தர முடியாது?" முத்துநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நாகர்கோவிலில் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதிப் போட்டி. தங்கள் கல்லூரி எங்கே ஆடினாலும் கூடவே போய்ச் செண்டை கொட்டி உற்சாகப்படுத்துகிற மாணவர் குழுவுக்குப் பெயர் 'இடிமுழக்கம்'. மூன்றாம் ஆண்டு படிக்கும் ரேஷ்மிதான் இந்த வருடத் தலைவி. இறுதிப் போட்டி என்றால் முதல் கொட்டு பழைய மாணவர் ஒருவருக்கு. குழு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

இன்று அந்த மரியாதை அனில்குமாருக்கு. குழுவைத் தொடங்கியவரே அவர்தான். மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை.

"இவன் ஆருண்ணு தெரியுமா பிள்ளே ஒனக்கு?" அனில்குமாரோடு படித்து, இப்போது கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முத்துநாயகத்துக்குக் குரல் எப்போதுமே பெரிசு. "இவன் கொட்டுனா அங்க கருங்கல் ஊரு வரைக்கும் கேக்கும்!"

"தெரியும் அண்ணா. ஆனா நாங்க இப்ப கொட்டுறது வேற தாளம். நடுவுல ஆரு கைய வச்சாலும் சரிப்படாது."

"நாங்க உண்டாக்குன குழு இது!"

"உண்டாக்குனது நீங்க. இப்ப கொட்டுறது நாங்க."

குழுவில் இருந்தவர்களுக்கே திக்கென்றது. கூடக் கொட்டும் அபின் அவள் காதருகே வந்தான்.

"ஏட்டி, ஒரு கொட்டுதானே, குடுத்திடேன்."

"நீ ஒன் செண்டையப் பாரு."

வாய் கொஞ்சம் நீளம்தான் இந்தப் பெண்ணுக்கு. அதற்காக இவ்வளவா?

அனில்குமார் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி, தலை குனிந்து நின்றார். காலையிலிருந்து அதே போஸ்தான். 'ஆளு இப்பவும் ஸ்டைல விடல பாத்தியா' என்று நண்பர்கள் கேலிகூடப் பண்ணினார்கள்.

"பாவம், மனசு ஒடைஞ்சு நிக்கான் பாரு." முத்துநாயகம் விடுவதாக இல்லை. "பிரின்ஸிபால்ட்ட எழுதிக் குடுப்போம். இன்னைக்கே ஒன் தலைவி பதவி போவும், பாத்துக்க!"

"போனா போவட்டும் அண்ணா. மேட்ச் முடிஞ்ச பொறவு எழுதுங்க. இப்பக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

விசில் ஒலித்தது. முதல் கொட்டை ரேஷ்மியே கொட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, மைதானமே அதிர்ந்தது. முத்துநாயகத்தின் கால்கூடத் தன்னையறியாமல் தாளம் போட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். கோபமாக இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

கல்லூரி ஜெயித்தது. ஆனாலும் அவர் கோபம் ஆறவில்லை. ஆட்டம் முடிவதற்குள் புகாரை எழுதியே வைத்திருந்தார். மூத்தவர்களை மதிக்கத் தெரியாத ரேஷ்மியைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும், அவ்வளவுதான்.

செண்டையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அவள் கண்ணெதிரிலேயே, தாளையும் பேனாவையும் அனில்குமாரிடம் நீட்டினார்.

"மொத கையெழுத்து நீ போடு மக்கா. அவமானப்பட்டவன் நீதானே."

ரேஷ்மி பதறிப்போய், வேண்டாம் என்று அனில்குமாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இப்ப கெஞ்சி என்ன பிரயோஜனம்?" என்றார் முத்துநாயகம்.

"அவ கெஞ்சல முத்து. என்னைய வாயத் தொறக்க வேண்டாம்ணு சொல்லுறா." அனில்குமார் ரேஷ்மியிடம் திரும்பினார். "போதும் மக்களே. எனக்காவ நீ திட்டு வாங்குனது போதும்."

இடது கையால் பிடித்து, வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார். விரல்கள் மடங்கி, அசைவில்லாமல் இருந்தன.

"ஸ்ட்ரோக் வந்துட்டு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு நாணக்கேடு. நேத்து ஒத்திகைக்குப் போயி செண்டைக் கோலப் பிடிச்சுப் பாத்தேன், கையில நிக்கல. எல்லாருக்கும் முன்னால கோலு கீழ விழுந்தா நான் செத்திருவேன்ணு இவகிட்டச் சொன்னேன். 'நீங்க தைரியமா வாங்க அண்ணா, தரமாட்டேன்ணு நான் சொல்லிக்கிடுதேன்'ணு சொன்னா."

முத்துநாயகம் நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது.

அனில்குமார் சிரித்தார்.

"கையெழுத்துப் போடுற கையா இருந்தா, நானே கொட்டியிருக்க மாட்டேனா லே?"