பத்துக்குப் பத்து

துளையிட்ட அட்டையை விடைத்தாளின்மேல் வைத்துச் சந்திரமதி எண்ணினாள். பத்துக்குப் பத்து.

மறுபடியும் எண்ணினாள். பத்துதான்.

எதிரே சேக் தாவூது, ஐம்பது வயதில் பரீட்சை எழுதிய கவலையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் கிடங்கில் காவலர் வேலை கேட்டு வந்திருந்தார். மூன்று மாதமாக வேலையில்லை, இதுவும் போனால் வீட்டுக்குப் போக முகமில்லை என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

அறுபது வாக்கியங்களுக்கு நடுவே பத்துப் பொறிகள் இருந்தன. 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' 'நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை.' இப்படிப் பத்து. பத்துக்கும் 'சரி' போடுகிறவர் நல்லவராகக் காட்டிக்கொள்கிறார், அதாவது பொய் சொல்கிறார் என்றது கையேடு.

ஆறைத் தாண்டினால் ஆளை அனுப்பிவிட வேண்டும்.

அந்த ஆறும் சும்மா வந்ததல்ல. மேலதிகாரி ஹனீபா இந்தத் தேர்வை லண்டனிலிருந்து வரவழைத்து, தம்மையும் சேர்த்து அலுவலகத்தின் இருபத்திரண்டு பேரையும் எழுதவைத்து, வகுத்த எல்லை. ஒருவரும் ஆறைத் தாண்டவில்லை.

தேநீர் கொடுத்துவிட்டு, அந்தப் பத்தையும் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தாள். அதே பத்து விடைகள்.

தராசு ஒரே எடையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது நிலையான தராசு. சரியான தராசா என்பது வேறு கேள்வி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் முதல் வாரமே கற்றது இது.

மனுவைப் புரட்டினாள். முந்தைய வேலை, சிராங்கூன் சாலை மளிகைக் கடை. விலகிய காரணம்: 'அரிசி பழசு என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன்.'

சந்திரமதி பேனாவை மூடினாள்.

அவளுக்கு யாரிடமும் எதுவும் கேட்க வராது. பேருந்தில் நிறுத்தம் வந்துவிட்டதா என்று கேட்கக்கூட வராது. ஆனால் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய புடவையை அன்று கட்டி வந்திருந்தாள். காலையிலிருந்து பதினொரு பேர் அதை அழகு என்று சொல்லியிருந்தார்கள்.

தரையைப் பார்த்தபடி கேட்டாள். "இந்தப் புடவை எப்படி இருக்குண்ணே?"

சேக் தாவூது சங்கடத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உள்பக்கத்த வெளிய வச்சுக் கட்டியிருக்கீங்க, தங்கச்சி. வந்ததுமே பாத்தேன். நீங்க கேக்கல, நானும் சொல்லல."

குனிந்து பார்த்தாள். பூக்களெல்லாம் வெளுத்திருந்தன. சாயம் உள்ளே பளிச்சென்று இருந்தது.

காது மடல்கள் சுட்டன. அப்புறம், என்னவோ, சிரிப்பு வந்தது. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து பழைய விடைத்தாள் ஒன்றை எடுத்தாள்.

மாடிப்படிக்கு முன்னால்தான் பெண்களின் ஒப்பனை அறை. புடவையைத் திருப்பிக் கட்ட ஐந்து நிமிடம் போதும். கட்டவில்லை. அப்படியே மேலே ஏறினாள்.

ஹனீபா, சாயம் பூசிக் கறுத்த மீசையைத் தடவியபடி கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதே கேள்வியைக் கேட்டாள். காலையிலேயே சொன்னேனே, பிரமாதம் என்றார் அவர்.

அவள் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று சேக் தாவூதுடையது. மற்றது அலுவலகத்தார் எழுதிய இருபத்திரண்டு தாள்களில் ஒன்று. அதில் 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' என்பதற்கு நேரே, 'தவறு' என்று ஹனீபாவே தம் கையால் போட்டிருந்தார்.

பிறகு, சேக் தாவூது சொன்னதைச் சொல்லி, புடவைத் தலைப்பைத் திருப்பிக் காட்டினாள்.

ஹனீபா தாள்களையும் தலைப்பையும் மாறிமாறிப் பார்த்தார். தேர்வு யாரிடமும் தப்பு செய்யவில்லை. பொய் சொல்வேன் என்றவர்கள் சொன்னார்கள். சொல்லமாட்டேன் என்றவர் சொல்லவில்லை.

சேக் தாவூதின் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீசையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லுங்க. இந்த மாடிப்பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க."