கறுப்பு விக், வெள்ளை விக்

டைரக்டர் கதை சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியும், மேடத்துக்கு எந்த விக் வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மடியில் ஒரு கறுப்பு விக், ஒரு வெள்ளை விக். சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரூபாஞ்சலி மேடத்துக்கு முப்பத்தொரு வருஷமாகத் தலை வாரிவிடுகிறவள் நான். கதாநாயகியாக இருந்த நாளிலும் வாரினேன். ஒன்பது வருஷமாக யாரும் கூப்பிடாத நாளிலும் வாரினேன்.

இன்று மேடம் மேக்கப்பே போடாதவர் மாதிரி இருந்தார். அதற்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

டைரக்டர் தேவாங்ஷுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வந்ததும் மேடத்தின் காலைத் தொட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுக் கதை சொல்லத் தொடங்கினார்.

"ஹீரோ, சமர்ஜித் சார். வயசு முப்பது. போலீஸ் அதிகாரி."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் சமர்ஜித் சாரின் பெரிய விளம்பரப் பலகை. முடி வளரும் எண்ணெய். கன்னத்தில் கை, விரலில் ஜோசியர் சொல்லிப் போட்ட நீலக்கல் மோதிரம். மோதிரத்தை முப்பத்தைந்து வருஷமாகக் கழற்றியதில்லை. முடியைத் தினமும் கழற்றுகிறார்.

மேடத்தைவிட மூன்று வயது மூத்தவர். நாலு படத்தில் இருவரும் ஜோடி.

அதனால் மேடம் முதலில் தன்னை மனைவி என்றுதான் நினைத்துக்கொண்டார். மனைவிக்கு இருபத்திரண்டு வயது என்று வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் யாரு, தம்பி?"

"நீங்க அம்மா, மேம். படத்துக்கு உயிரே நீங்கதான். ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் இருக்கீங்க."

அம்மா. சரி. மேடம் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். நான் கறுப்பு விக்கைக் கீழே வைத்தேன்.

மறுக்க வழியில்லை. படம் வந்திருக்கிறது என்று நேற்றே மும்பை வெர்சோவாவில் இருக்கும் இந்தக் கட்டடத்தின் ஏழு மாடிக்கும் பேடா இனிப்பு கொடுத்தாயிற்று. மூன்றாம் மாடி மிஸஸ் லால்வானி, "இன்னுமா உங்களைக் கூப்பிடறாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வசனம்?"

"ஒரு வரிகூட இல்லை மேம். பார்வையே போதும்."

மேடம் என்னைப் பார்த்தார். ஊமை அம்மாவோ?

இடைவேளைக்கு முன்னால் ஹீரோவைச் சுடுகிறார்கள். ரத்தம் சொட்ட வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் விழுகிறார். அம்மா அசையவில்லை.

"ஏன் அசையலை?"

"அதுதான் மேம் இந்த கேரக்டரோட பவர்."

பக்கவாதமாக இருக்கும் என்று நினைத்தேன். படுத்த படுக்கை என்றால் முடியைப் பின்னி விட வேண்டும்.

பிறகு வில்லன் வீட்டுக்குத் தீ வைக்கிறான். ஹீரோ மனைவியைக்கூட மறந்துவிட்டு, அம்மாவை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கிறார்.

மேடத்துக்குக் கவலை வந்துவிட்டது. "சமர்ஜித்துக்கு முதுகு சரியில்லையே. என்னைத் தூக்கிடுவாரா?"

"ஒரே கையில தூக்கறார், மேம்."

நாளையிலிருந்து மேடம் ரொட்டியை நிறுத்திவிடுவார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"எத்தனை நாள் ஷூட்டிங்?"

"உங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம் வைக்கலை மேம்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், முடி கறுப்பா வெள்ளையா, அதைச் சொல்லிடுங்க. வகிட்டுல குங்குமம் உண்டா? புருஷன் இருக்காரா, போயிட்டாரா?"

டைரக்டர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வகிட்டுல எதுவும் வேணாம். கண்ணாடி மேல ஒரு சந்தனப் பொட்டு வெச்சா போதும்."

"எந்தக் கண்ணாடி?"

"ஃபிரேம் கண்ணாடி."

மேடம் மெதுவாகச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே மேடத்தின் அப்பா இருந்தார், ஃபிரேமுக்குள், மாலையோடு.

டைரக்டர் உற்சாகம் குறையாமல் போனை நீட்டினார். "பழைய ஸ்டில் ஒண்ணு தேடிப் பிடிச்சிட்டோம் மேம். நீங்க எங்கேயும் வர வேணாம். சரின்னு சொன்னா போதும்."

அந்த ஸ்டில்லில் மேடத்துக்கு இருபத்தைந்து வயது. பின்னால் மணாலிப் பனி. காதோரத்துச் சுருள் நான் விட்டது. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவருடைய கை மட்டும் மேடத்தின் தோளில் மிச்சமிருந்தது. விரலில் நீலக்கல்.

"இது யார் கைன்னு தெரியலை. யாரோ சின்ன ஆர்ட்டிஸ்ட் போல. கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம். இல்லேன்னா சாமந்தி மாலையைத் தடிமனாப் போட்டு மறைச்சிடலாம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். மேடம் பார்க்கவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் அந்தக் கையைப் பெரிதாக்கினார்.

"அழிக்காதே. மாலையும் ஒல்லியா இருக்கட்டும். சந்தன மாலை போதும்."

டைரக்டர் குறித்துக்கொண்டார்.

மேடம் என் மடியிலிருந்த வெள்ளை விக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஃபிலோமினா, பேடா மிச்சம் இருக்கு இல்ல? டைரக்டருக்குக் கொண்டு வா."