நக்கவாரம் கொண்டான்

மனைவி அலமுவைக் கட்டிலோடு தூக்கிவந்து மணலில் இறக்கியபோதுதான், தம் தலையில் இன்னும் அட்டைக் கிரீடம் இருப்பது சிவஞானத்துக்கு உறைத்தது.

கழற்றத் தோன்றவில்லை. அவ்வளவு அலுப்பு.

கப்பல் அரை மைல் தள்ளி நின்றது. நடுவில் கடல் இரைந்துகொண்டிருந்தது.

கார் நிக்கோபாரில் அப்போது கப்பல் கரைக்கு வராது. ஜெட்டி கிடையாது, கரையை ஒட்டிப் பவளப்பாறை. அரிசி மூட்டையானாலும் தபால் பையானாலும், மாற்றலாகி வரும் பெரிய அதிகாரியே ஆனாலும், நிக்கோபாரிகளின் ஓடத்தில்தான் வரவேண்டும், போகவேண்டும்.

அதிலும் நினைத்த நேரத்தில் போக முடியாது. அலைகள் சீராக வருவதில்லை, கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள் அடித்து ஓய்ந்ததும் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் ஓடத்தைத் தள்ளிவிட வேண்டும். முந்தினாலும் பாறை, பிந்தினாலும் பாறை.

எப்போது என்று சொல்பவர் கிராமத்துத் தலைவர். அவரைக் கேப்டன் என்பார்கள். இந்தக் கிராமத்துக் கேப்டன் எலியாஸ்.

எலியாஸ் இன்னும் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை பெரிதாக இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அலமுவுக்குக் குடல்வால் வீங்கியிருந்தது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய் அறுத்தாக வேண்டும், அடுத்த கப்பல்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் ஒருமுறை ஊதியும் விட்டது.

“கேப்டன் சாப், ஜல்தி…” என்றார் சிவஞானம். அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

எழாததற்குக் காரணம் இருந்தது. இந்த மனிதரின் தீவைத் தாம் வென்றுவிட்டதாக, காலையில் இவர் முன்னால் நின்றே முழங்கியிருந்தார்.

பொங்கல் விழாவுக்குத் தமிழ் ஊழியர்கள் போடும் நாடகம். சோழ ராஜா கப்பல் படையோடு வந்து நக்கவாரத்தைப் பிடிக்கும் கதை. நக்கவாரம் என்பது நிக்கோபாருக்குப் பழைய பெயர். நாடகத்தை எழுதியவர் தலைமை எழுத்தர் பக்தவத்சலம். வெற்றிச் சொற்களில் அவருக்குத் தனிப் பிரியம். எறிந்தான் என்றால் கோட்டை போயிற்று, கவர்ந்தான் என்றால் யானையும் பொன்னும் போயிற்று, திறை கொண்டான் என்றால் அது வருஷா வருஷம் போய்க்கொண்டே இருக்கும் என்று சிவஞானத்துக்குப் பிரித்துப் பிரித்துக் காட்டுவார்.

“வென்றான்னா பாதி வேலைதான்யா ஆச்சு. கொண்டான்னு சொல்லிப் பாரு, அந்த ஊரே வந்து நம்ம பேருக்கு முன்னால உக்காந்துக்கும். அடிவயித்துலேருந்து சொல்லு!”

பகலெல்லாம் சிமென்ட் மூட்டைக்குச் சீட்டு எழுதிவிட்டு வரும் குமாஸ்தா சிவஞானம், சாயங்காலம் அடிவயிற்றிலிருந்து சொல்வார்.

“நக்கவாரம் கொண்டேன்! நக்கவாரத்தார் நடுங்கி என் காலில் விழுந்தார்!”

பியூன்கள் இரண்டு பேர் விழுவார்கள்.

தொண்டை கட்டி வீட்டுக்குப் போனால் அலமு கேட்பாள், “இன்னைக்கு எந்த ஊரப் புடிச்சீங்க? ரேஷன்ல சக்கரை புடிக்க முடிஞ்சுதா?”

ஒத்திகை நடந்தது கிராமத்துத் தென்னந்தோப்பில். எலியாஸ் தினமும் வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார். என்ன இது இவ்வளவு சத்தம் என்று முதல் நாளே இந்தியில் கேட்டார். சாமி பாட்டு என்று பக்தவத்சலம் கூசாமல் இந்தியில் சொல்லிவைத்தார்.

எலியாஸ் தலையாட்டிக்கொண்டார். பியூன்கள் விழும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்தார். இன்று காலை வேஷத்தோடு ஒத்திகை. அவர் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், அலமு சுருண்டு கிடக்கிறாள் என்று ஆள் ஓடிவந்தது.

கப்பல் மறுபடி ஊதியது.

அலமு கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு முனகினாள். சிவஞானம் எலியாஸின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பெரிய அலை ஒன்று வந்து உடைந்தது. இன்னொன்று. இன்னொன்று.

எலியாஸ் வெற்றிலையைத் துப்பினார். ஓடத்தைக் காட்டினார்.

அலமுவை ஓடத்தின் அடியில் கிடத்தினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, துடுப்புக்காரர்கள் ஏறினார்கள். எலியாஸும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். சிவஞானம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவள் முகத்தில் வெயில் விழாதபடி முதுகை நிமிர்த்தி மறைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு கை தோளை அழுத்தியது.

“குனிஞ்சு உக்காருங்க, ராஜா. நிமிந்தா கவுந்துரும்.”

இந்தி இல்லை. தமிழ். கொப்பரை வாங்கப் பாய்மரக் கப்பலில் வந்துபோன நாகப்பட்டினத்துக்காரர்களின் தமிழ்.

சிவஞானத்தால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“கேட்டுதில்ல?” என்றாள் அலமு, பல்லைக் கடித்துக்கொண்டு. “குனிங்களேன்.”

குனிந்தார். முதுகுக்கு மேலே எலியாஸின் குரல் ஒரே ஒரு வார்த்தை சொன்னது, அவருடைய மொழியில்.

துடுப்புகள் ஒன்றாக விழுந்தன.