அணைக்காத மைக்

“ஃபாதர் வர்றாரு! யாரோ கோயில்ல போட்டுக் குடுத்துட்டாங்க. மைக்கை எடுத்து வை!” என்று பதறினான் பிரபு.

திண்டிவனத்து வீட்டில் உட்கார்ந்து, பேய்ப்படம், கொலைப்படம் பற்றி வாராவாரம் பாட்காஸ்ட் போடுபவள் அவன் மனைவி அக்னஸ். அவள் மைக்கைத் தொடவே இல்லை.

ஃபாதர் உட்கார்ந்தார். “போன வாரம் நீ ரத்தத்தைப் பத்திப் பேசினதைக் கேட்டேம்மா.”

“பேசினேன் ஃபாதர். இன்னும் பேசிக்கினுதான் இருப்பேன். பொம்பளை பேசுனா மட்டும் பாவமா?”

“அதில்லம்மா. நம்ம பாஸ்கா நாடகத்துல ஏசுவைச் சாட்டையால அடிக்கிறப்போ, ரத்தம் ரோஸ்மில்க் மாதிரி வழியுது. ஜனங்க சிரிக்கிறாங்க. சினிமாவுல ரத்தத்தை எப்படிக் கலக்குறாங்கன்னு சொல்லேன்.”

அக்னஸ் மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

“அந்தக் கேள்வியை இதுல கேளுங்க ஃபாதர். போட்டுக் குடுத்தவங்களும் கேக்கட்டும்.”